பின்வளவில் பிறந்த உலைக் கம்பனி சொல்லும் பாடம்

கடந்த மாதம் ஒரு நிலுவைக் காசு விடயமாகக் கொழும்புக்கு வெளியே இருக்கின்ற ஒரு வார்ப்புப் பட்டறைக்குப் போயிருந்தேன். பித்தளை வால்வுகளும் பைப் இணைப்புகளும் வார்க்கின்ற இடம். ஹாட்வெயார் வியாபாரத்தில் இருக்கின்ற எனக்கு இந்த மாதிரிப் பட்டறைகள் சிறு வயது முதல் பழக்கமானவை. வாப்பாவுடன் போகின்ற காலத்தில் கல்கரி உலையும் காற்றூதியின் இரைச்சலும் கண்ணை எரிக்கும் புகையும்தான் பட்டறை என்றால் ஞாபகத்துக்கு வரும். வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றிக் கழுவப் போடாமல் உம்மா உள்ளே விட மாட்டார்.

இந்த முறை புகை இல்லை. ஒரு மூலையில் இரும்பு அலுமாரி போன்ற ஒரு பெட்டி மெதுவாக ரீங்காரம் செய்து கொண்டிருந்தது. அதன் அருகில் ஒரு பீப்பாய் அளவில் உலை. அதற்குள் பழைய பித்தளைச் சாமான்களைப் போட்டார்கள். நான் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் அவை உருகித் தண்ணீராக நின்றன. "நெருப்பு எங்கே?" என்று கேட்டேன். பட்டறைக்காரர் சிரித்தார். "நெருப்பே இல்லை நாநா. எல்லாம் கரண்ட்தான்" என்றார். இந்தியாவின் அஹமதாபாத்தில் இருந்து பாவித்த நிலையில் இறக்கிய உலையாம். பெட்டியின் முகப்பில் ஒரு தகடு. அதில் இன்டக்டோதேர்ம் என்ற பெயர்.

நிலுவைக் காசில் பாதிதான் கிடைத்தது. ஆனால், அந்தப் பெயர் மனதில் நின்று விட்டது. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் கம்பியூட்டரில் தேடித் தந்தவற்றைப் பத்து நாட்களாக வாசித்தேன். ஓ.எல். வரை படித்த எனக்கு அதில் உள்ள பொறியியல் முழுவதும் விளங்கியது என்று சொல்ல மாட்டேன். ஆனால், அதில் உள்ள வியாபாரம் நன்றாக விளங்கியது. எமது கடைகளிலும் எமது குடும்பங்களிலும் தினமும் நடக்கின்ற விடயங்கள் அந்தக் கதையில் இருக்கின்றன. எனவேதான் இந்த வாரம் அதை எழுதுகிறேன்.

நெருப்பில்லாத உலை

முதலில் அந்த உலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். செப்புக் குழாயைச் சுருளாகச் சுற்றி, அதன் நடுவில் உலோகம் உருக்கும் மூசையை வைக்கிறார்கள். சுருளில் மாறுதிசை மின்சாரம் பாயும்போது நடுவில் கிடக்கும் உலோகத்துக்குள்ளேயே மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அந்த ஓட்டமே உலோகத்தைச் சூடாக்கி உருக்கி விடுகிறது. அதாவது வெளியில் இருந்து சூடு கொடுப்பதில்லை. உலோகம் தன்னைத்தானே சூடாக்கிக் கொள்கிறது. உருகிய பின்னர் அந்த மின்சாரமே அதைக் கலக்கியும் கொடுக்கிறது. செப்புக் குழாய் உருகி விடாமல் இருப்பதற்காக அதன் உள்ளே எந்நேரமும் தண்ணீர் ஓடிக் கொண்டிருக்கும். செப்பு உருகுவதற்கு 1,085 பாகை செல்சியஸ் வேண்டும், தூய இரும்புக்கு 1,538 பாகை. அவ்வளவு சூட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் தண்ணீர் ஓடுகிறது என்றால், அதைச் செய்பவர் எவ்வளவு கவனமாகச் செய்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சிறு கசிவு போதும், பட்டறையே வெடித்து விடும்.

மின்தூண்டல் என்ற தத்துவத்தை மைக்கல் பரடே 1831 ஆம் ஆண்டு கண்டறிந்தார். ஆனால், இப்போது நாம் காண்கின்ற மாதிரியான சுருள் உலையைச் செய்து காட்டியவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த எட்வின் நோர்த்ரப் என்ற பேராசிரியர். அது 1916 ஆம் ஆண்டளவில். அந்த உலையை விற்பனைக்குத் தயாரிப்பதற்காக நியூ ஜேர்சி மாநிலத்தில் அஜெக்ஸ் எலெக்ட்ரோதேர்மிக் என்ற கம்பனி நடந்து வந்தது. பல வருடங்களாக இந்தத் துறையில் அதுவே பெரிய பெயர்.

கேட்காத காது

ஹென்றி ரோவன் என்பவர் 1923 ஆம் ஆண்டு பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சு விமானம் ஓட்டப் பயிற்சி பெற்றார். போர் முடிந்ததும் எம்.ஐ.டி. என்ற உலகப் பிரசித்தி பெற்ற நிறுவனத்தில் மின் பொறியியல் படித்து 1947 இல் பட்டம் பெற்றார். பின்னர் மேலே சொன்ன அஜெக்ஸ் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே அவர் உலையை விற்பவராக மட்டும் இருக்கவில்லை. அதில் உள்ள குறைகளைக் கவனித்தார். இன்னும் நன்றாகச் செய்யலாம் என்று அவருக்குப் பட்டது. ஆனால், அவரது யோசனைகளுக்கு மேலே இருந்தவர்கள் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. அவர்களுக்கு அதற்கான அவசியமும் தெரியவில்லை. சாமான் விற்பனையாகிக் கொண்டிருந்தது. விற்பனையாகின்ற சாமானை யார்தான் மாற்றுவார்?

1953 ஆம் ஆண்டு அவர் வேலையை விட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதும் முடியவில்லை. தொழிற்சாலை இல்லை. நியூ ஜேர்சியின் ஈவிங் என்ற இடத்தில் இருந்த தனது வீட்டின் கராஜிலும் பின்வளவிலும் வைத்தே முதலாவது உலையைக் கட்டினார்கள். மனைவி பெட்டி அவருடன் கூட நின்று வேலை செய்தார். 1954 ஆம் ஆண்டு இன்டக்டோதேர்ம் கம்பனி உருவானது. பிற்காலத்தில் அதே மாநிலத்தின் ரங்கோகஸ் என்ற ஊர் அதன் தலைமையிடமானது.

பின்வளவில் உலை கட்டிய மனிதர், தான் விட்டு வந்த கம்பனி கோலோச்சிய அதே துறையில் உலகின் முன்னணிக்கு வந்தார். இங்கேதான் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். காரணம், இதே கதை எனது கடையிலும் நடந்திருக்கிறது. அதில் நான் ரோவன் அல்ல, கேட்காத முதலாளி.

1998 ஆம் ஆண்டளவில் எனது கடையில் ஊவாப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு பொடியன் வேலை செய்தான். படிப்புக் குறைவு. ஆனால், வாடிக்கையாளர் கேட்டு இல்லாமல் திரும்பிப் போகின்ற சாமான்களையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைப்பான். ஒரு நாள் அந்தக் கொப்பியைக் கொண்டு வந்து காட்டினான். "முதலாளி, இந்த மாசம் மட்டும் இருபத்தாறு பேர் பிளாஸ்டிக் தண்ணி டாங்கி கேட்டு வந்தாங்க. நாங்க எடுத்து வைப்போமே" என்றான். எங்களது கடை ஆணி, கம்பி, பூட்டு, கீல் விற்கின்ற கடை. டாங்கி வைக்க இடம் எங்கே என்று எனக்கு எரிச்சல். "நீ போய் உன்ட வேலையைப் பாரு" என்று சொல்லி விட்டேன். கொப்பியை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் அவன் விலகிப் போனான். இன்று அவருக்கு இரண்டு கடைகள். சில சாமான்களை நான் அவரிடம்தான் மொத்தத்துக்கு எடுக்கிறேன். "அவன்" என்று இருந்தவர் "அவர்" ஆகி விட்டார். இன்றும் என்னைக் கண்டால் எழுந்து நின்று "முதலாளி" என்றுதான் சொல்வார். அந்த மரியாதை எனக்குச் சுடுகிறது. எங்களது கடைகளில் இந்த மாதிரி எத்தனை கொப்பிகள் திறக்கப்படாமல் கிடக்கின்றனவோ தெரியாது.

தன் சாமானைத் தானே பழசாக்குதல்

இன்டக்டோதேர்ம் வளர்ந்த விதத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் இந்த உலைகளுக்குத் தேவையான உயர் அதிர்வெண் மின்சாரத்தைப் பெறுவதற்கு மோட்டாரும் ஜெனரேட்டரும் பூட்டிய பாரமான இயந்திரங்கள் வேண்டியிருந்தன. சுழல்கின்ற இயந்திரம் என்றால் தேய்மானம், சத்தம், பராமரிப்பு எல்லாம் உண்டு. 1960களின் பிற்பகுதியில் தைரிஸ்டர் என்ற மின்னணு உறுப்பு இந்தத் துறைக்குள் வந்ததும் சுழல்கின்ற பாகம் எதுவுமே இல்லாமல் அந்த வேலையைச் செய்ய முடிந்தது. நான் பட்டறையில் கண்ட ரீங்காரப் பெட்டி அந்த வழியில் வந்ததுதான்.

பழைய இயந்திரம் விற்றுக் கொண்டிருந்தவர்களுக்கு இது ஒரு சோதனை. புதியதைக் கொண்டு வந்தால் தங்களது பழைய சாமான் செத்து விடும்; கொண்டு வராவிட்டால் அடுத்தவன் கொண்டு வருவான். ரோவனின் கம்பனி புதியதைக் கொண்டு வந்தவர்களின் வரிசையில் நின்றது. அதனால்தான் நிலைத்தது. உலோகத்தை வெற்றிடத்தில் உருக்குகின்ற உலைகள், குழாய்களை ஒட்டுகின்ற இயந்திரங்கள் என்று தொடர்புள்ள தொழில்களும் படிப்படியாக அந்தக் குழுமத்துக்குள் வந்து சேர்ந்தன. கவனியுங்கள், எல்லாமே சூடும் உலோகமும் சம்பந்தப்பட்டவை. காசு வந்ததும் தெரியாத தொழிலில் போய் விழவில்லை. எமது ஆட்களில் சிலர் துணிக் கடையில் உழைத்ததைக் கொண்டு போய்க் கோழிப் பண்ணையில் போட்டு, கோழியும் இல்லாமல் துணியும் இல்லாமல் நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

இந்தியாவிலும் அவர்கள் தொழிற்சாலை போட்டார்கள். அஹமதாபாத்தில் இருப்பது அதுதான். இன்று இந்தியாவின் உருக்கு உற்பத்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மின்தூண்டல் உலைகளில் உருகி வருவது. பழைய இரும்பைக் கொடுத்தால் கட்டடக் கம்பியாக்கித் தருகின்ற சிறிய, நடுத்தர ஆலைகள் இந்த உலையை நம்பியே நிற்கின்றன. நியூ ஜேர்சியில் ஒரு வீட்டின் பின்வளவில் தொடங்கிய தொழில், எங்களது பக்கத்துப் பட்டறை வரை வந்து சேர்ந்த பாதை இதுதான்.

யாருக்கு விற்கிறோம்?

ஒருவரைப் பாராட்டி எழுதும்போது அவரது பக்கத்தில் உள்ள சங்கடமான விடயத்தை மறைப்பது நியாயமில்லை. ரோவனின் குழுமத்தில் கொன்சார்க் என்ற கம்பனி இருந்தது. மிக உயர்ந்த சூட்டில் விசேட உலோகங்களை உருக்குகின்ற உலைகளைச் செய்வது அதன் தொழில். ஈராக் அதனிடம் உலைகளுக்கு ஓடர் கொடுத்தது. போரில் கை கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்புகள் செய்வதற்காக என்று சொல்லப்பட்டது. அதே உலைகளை அணு ஆயுத வேலைக்கும் பயன்படுத்தலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அப்படியும் பயன்படுத்த முடியும் என்பதைக் கம்பனியே அமெரிக்க அரசின் வர்த்தகத் திணைக்களத்துக்கு முற்கூட்டியே சொல்லியும் இருந்தது. இருந்தும் அனுமதிக்குத் தடை வரவில்லை. கடைசியில் 1990 ஜூலையில் வெள்ளை மாளிகை தலையிட்டு ஏற்றுமதியை நிறுத்தியது. சில நாட்களில், ஆகஸ்ட் 2 ஆம் திகதி, ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது.

சட்டப்படி பார்த்தால் கம்பனி கேட்க வேண்டிய இடத்தில் கேட்டிருக்கிறது. ஆனால், ஒரு வியாபாரி என்ற முறையில் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. அரசாங்கம் தடுக்கவில்லை என்பது மட்டும் போதுமா? எங்களது தெருவிலும் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் வருகிறது. பழைய இரும்பு என்று கொண்டு வருகின்ற செப்புக் கம்பி எங்கிருந்து அறுக்கப்பட்டது, குறைந்த விலைக்கு வருகின்ற சாமான் எந்தக் கொள்கலனில் இருந்து இறங்கியது என்று கேட்காமல் வாங்குகின்ற நாங்கள், உலைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. வாங்கும்போதும் விற்கும்போதும் ஒரு கேள்வி கேட்பது எல்லா வியாபாரிகளுக்கும் உரிய கடமை.

சிறிய கல்லூரிக்குப் போன பெரிய காசு

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நியூ ஜேர்சியில் கிளாஸ்போரோ என்ற சிறிய ஊர். பெயரே அங்கிருந்த பழைய கண்ணாடித் தொழிலால் வந்தது. அங்கே ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்காக 1923 இல் தொடங்கிய ஓர் அரச கல்லூரி இருந்தது. வெளியூர்க்காரர்கள் அந்த ஊரைக் கேள்விப்பட்டிருந்தால், 1967 ஜூனில் அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சனும் சோவியத் பிரதமர் கொசிகினும் அங்கே சந்தித்துப் பேசியதாலாக இருக்கும். மற்றப்படி சாதாரண வீட்டுப் பிள்ளைகள் படிக்கின்ற சாதாரண கல்லூரி.

அந்தக் கல்லூரிக்கு நிதி திரட்டுகின்ற ஓர் அதிகாரி ரோவனைச் சந்திக்கப் போனார். அவர் முதலில் கேட்டது மிகச் சிறிய தொகைதான். பேச்சு தொடர்ந்தது. 1992 ஜூலையில் ரோவனும் பெட்டியும் அந்தக் கல்லூரிக்கு 100 மில்லியன் டொலர் கொடுப்பதாக அறிவித்தார்கள். ஒரு டொலரை 300 ரூபாய் என்று கணக்கிட்டால் அது 3,000 கோடி ரூபாய். அதுவரை அமெரிக்காவின் எந்தவோர் அரச கல்லூரிக்கும் அவ்வளவு பெரிய நன்கொடை கிடைத்ததில்லை.

எல்லோருக்கும் ஆச்சரியம். அவர் எம்.ஐ.டி.யில் படித்தவர். அங்கே கொடுத்திருந்தால் பெரிய பெரிய ஆட்களின் பெயர்களோடு அவரது பெயரும் நின்றிருக்கும். ஆனால், அவரது கணக்கு வேறு. ஏற்கெனவே நிறைந்து வழிகின்ற இடத்தில் இந்தக் காசைப் போட்டால் அது கடலில் பெய்த மழை; இங்கே போட்டால் ஒரு பிரதேசமே மாறும் என்று அவர் நினைத்தார். அவர் வைத்த நிபந்தனைகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, அங்கே ஒரு பொறியியல் பீடம் தொடங்கப்பட வேண்டும். மற்றது, தனது கம்பனியில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் அங்கே படிப்பதற்கு உதவி இருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது நிபந்தனையை நான் இரண்டு தடவை வாசித்தேன். சுருள் சுற்றுகின்றவரின் பிள்ளையும் லொறியில் உலையை ஏற்றுகின்றவரின் பிள்ளையும் பொறியியலாளராக வரலாம் என்று ஒரு முதலாளி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த வருடமே கல்லூரிக்கு ரோவன் கல்லூரி என்று பெயர் மாற்றினார்கள். 1996 இல் பொறியியல் பீடத்தின் முதல் மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். 1997 இல் அது பல்கலைக்கழகமாகத் தரம் உயர்ந்தது. 2012 இல் அதன் கீழ் ஒரு மருத்துவப் பீடம் தொடங்கியது. மறுவருடம் இன்னொரு மருத்துவப் பீடமும் வந்து சேர்ந்தது. இன்று அங்கே 20,000 க்கும் அதிகமானவர்கள் படிக்கிறார்கள். எம்.ஐ.டி.க்குக் கொடுத்திருந்தால் ஒரு கட்டடம் எழும்பியிருக்கும். இங்கே ஒரு பல்கலைக்கழகம் எழும்பியது.

எங்களிடமும் கொடுக்கின்றவர்கள் இல்லாமல் இல்லை. தாராளமாகக் கொடுக்கிறார்கள். ஆனால், எங்கே கொடுக்கிறார்கள்? ஏற்கெனவே மண்டபம் உள்ள பெரிய பாடசாலைக்கு இரண்டாவது மண்டபம். அதன் சுவரில் சலவைக்கல்லில் பெயர். அந்தத் தெருவின் மறுமுனையில் இருக்கின்ற சிறிய பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியரும் இல்லை, ஆய்வுகூடமும் இல்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் வெல்டிங் படிக்க விரும்புகின்ற பொடியனுக்கு பஸ் காசு இல்லை. அவனுக்குக் கொடுத்தால் கல்லில் பெயர் வராது என்பது உண்மைதான். ஆனால், பட்டறைகளில் வேலை தெரிந்த ஆள் இல்லை என்று முறைப்படுகின்றவர்களும் நாங்கள்தானே?

பங்கு வேறு, கல்லாப்பெட்டி வேறு

ரோவனுக்கு மூன்று பிள்ளைகள். இரண்டு மகன்மாரும் அவருக்கு முன்பே மரணித்து விட்டார்கள். எவ்வளவு பெரிய உலைக்குச் சொந்தக்காரராக இருந்தாலும் அந்தச் சூட்டைத் தாங்குவது இலேசான விடயமல்ல. அவர் 2015 டிசம்பர் 9 ஆம் திகதி, 92 ஆவது பிறந்த நாளுக்கு ஒரு நாள் முன்பதாக மரணித்தார். குடும்ப நிதியத்தின் தலைமையில் இருந்து அந்தப் பணிகளைத் தொடர்ந்தவர் மகள் விர்ஜீனியா ரோவன் ஸ்மித்.

இதே தொழிலில் ஜேர்மனியில் இன்னொரு வழி நடந்திருக்கிறது. ஒட்டோ யுங்கர் என்பவர் 1924 ஆம் ஆண்டு ஆகன் நகருக்கு அருகில் லம்மர்ஸ்டோர்ப் என்ற ஊரில் ஒரு கம்பனி தொடங்கினார். முதலில் செய்தது தண்ணீரால் குளிர்விக்கின்ற வார்ப்பு அச்சுகள். பின்னர் உலைகள். 1982 இல் அவர் மரணித்த பின்னர் கம்பனியின் உரிமை அவரது பெயரிலான ஒரு நிதியத்துக்குப் போனது. கம்பனி உழைக்கிறது, நிதியம் அந்த உழைப்பில் இருந்து மாணவர்களுக்கும் ஆராய்ச்சிக்கும் உதவுகிறது. தொழிலைத் துண்டு துண்டாக வெட்டாமல் காப்பாற்றுவதற்கு ஒரு வழி மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கத் தேவையில்லை.

நாங்கள் என்ன செய்தோம்? வாப்பாவின் கடை 28 அடி அகலம். வாப்பா 1989 இல் வபாத்தானார். சகோதரர்கள் நான்கு பேர். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. மிகவும் நீதியாக, ஆளுக்கு ஏழு அடி என்று பலகை அடித்துப் பிரித்துக் கொண்டோம். சாமானையும் எண்ணிப் பிரித்தோம். ஆணி ஒருவருக்கு, பூட்டு ஒருவருக்கு, பெயின்ட் ஒருவருக்கு. முன்பு ஒரே கடையில் எல்லாம் வாங்கிய பாஸ்மார் இப்போது நான்கு கடை ஏறி இறங்க வேண்டும். அவர்கள் ஏறி இறங்கவில்லை. வேறு கடைக்குப் போனார்கள். பத்து வருடத்துக்குள் இரண்டு பலகைகள் கழன்றன. மூத்த நாநாவின் பகுதியில் இப்போது போன் கடை இருக்கிறது. வாப்பா நாற்பது வருடம் கட்டியதை நாங்கள் ஒரு பின்னேரத்தில் பலகை அடித்து முடித்தோம்.

சொத்தில் பங்கு எல்லோருக்கும் உரியது. அதில் யாரும் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனால், பங்கு இருக்கின்ற எல்லோரும் கல்லாப்பெட்டியில் உட்கார வேண்டும் என்று இல்லை. கணக்கைச் சரியாக எழுதி, வருடத்துக்கு ஒரு முறை இலாபத்தைப் பிரித்துக் கொண்டு, நடத்தத் தெரிந்த ஒருவரை நடத்த விட்டிருந்தால் அந்தக் கடை இன்று முழுசாக நின்றிருக்கும். உலைக் கம்பனியை ஏழு அடி ஏழு அடியாக வெட்டியிருந்தால் செப்புச் சுருள் ஒருவரிடமும் தண்ணீர்க் குழாய் இன்னொருவரிடமும் இருந்திருக்கும். எது உருகியிருக்கும்?

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கும் வயது ஐம்பதின் பிற்பகுதி. இரண்டு மகன்மாரில் ஒருவர் கத்தாரில், மற்றவர் மெல்பேர்னில். இருவருக்கும் கடைக்கு வருகின்ற எண்ணம் இல்லை என்று தெளிவாகச் சொல்லி விட்டார்கள். ஆறு வருடமாகக் கடைக் கணக்கைப் பார்ப்பது மகள். எந்தப் பட்டறை எவ்வளவு நிலுவை, யாருடைய செக் திரும்பும் என்று என்னை விட அவளுக்குத் தெரியும். மேலே சொன்ன பட்டறைக்காரருக்கு இனிக் கடன் கொடுக்க வேண்டாம் என்று நான் சொன்னபோது, "வாப்பா, அவர் உலை வாங்கினதாலதான் காசு இறுக்கம். மூணு மாசம் பொறுங்க, நல்லா வருவார்" என்றவளும் அவள்தான். ஆனால், குடும்பத்தில் பேச்சு எழுந்தால் "கடையை யாருக்குக் கொடுக்கப் போகிறாய், விற்று விடு" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அவளது பெயர் ஒருவர் வாயிலும் வருவதில்லை. உண்மையைச் சொன்னால், இந்த உலைக் கதையை வாசிக்கும் வரை எனது வாயிலும் வரவில்லை.

கடந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் மகன்மார் இருவரையும் போனில் எடுத்தேன். மூவருடைய பங்கும் முறைப்படி எழுத்தில் இருக்கும், வருடக் கணக்கு மூவருக்கும் வரும், கடையை நடத்துவது தங்கச்சி என்று சொன்னேன். மூத்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து விட்டு, "இதை நீங்க எப்பவோ செஞ்சிருக்கணும் வாப்பா" என்றார்.

அடுத்த நாள் காலையில் மகள் கடைக்கு வந்ததும் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? வேலை செய்கின்ற மூன்று பொடியன்மாரையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு புதுக் கொப்பி கொடுத்தாள். கேட்டு இல்லாமல் போகின்ற சாமானை எழுதி வையுங்கள், ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் பார்ப்பேன் என்றாள். பழைய கொப்பியின் கதையை நான் அவளுக்கு ஒருபோதும் சொன்னதில்லை. இப்போது இந்தப் பத்தியில்தான் வாசிப்பாள்.